நான்கு மூக்கும் பச்சை

செப்டம்பர் 4

எனக்குச் செய்யப்பட்ட அநியாயம் இது: என் மூக்கு முகத்தில் நன்றாக இருக்கும்போதே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கம்பெனி நான்கு மூக்குகளை விலைக்கு வாங்கி இயந்திர அறையின் கூரையடியில் மாட்டிவிட்டது.

பின்னால் யாரும் கதையை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது தூத்துக்குடியில் இறாலை உறைய வைத்துக் கப்பலேற்றும் கம்பெனி. உறைய வைப்பது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது குளிர். வெளியே வந்தால் முதலில் கண், பிறகு தொண்டை, பிறகு நுரையீரல். இயந்திர அறையில் இரண்டு கம்ப்ரசர்கள் ஓடுகின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கிங் ஹால், அது நிறையப் பெண்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளர் என் மகள் செண்பகவடிவு. இந்த அறையில் ஓட்டை விழுந்தால் அது யார் தொண்டைக்குப் போகும் என்று எனக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஐஸ் பெட்டி சுமக்க வந்தவன். கம்ப்ரசரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்து வரி வரியாகப் படித்து ஆபரேட்டர் ஆனேன். முன்பிருந்த எஞ்சினியர்கள் காலையில் வந்ததும் முதல் கேள்வியாக, "கொம்பையா, வாடை எப்படி?" என்பார்கள். நான் ஒரு மூச்சு இழுத்துச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் காப்பி.

இப்போது பாதுகாப்பு அதிகாரி என்று ஜெனோவா வந்திருக்கிறாள். நாகர்கோவில்காரி. வாயுவை மோந்து பார்க்கும் அந்த நான்கு கருவிகளையும் மாட்டிவிட்டு, ஏணியில் நின்றபடியே விளக்கினாள்.

"அம்மோனியா காத்தவிட லேசு அண்ணாச்சி, மேலதான் ஏறும். அதான் மேல வச்சிருக்கு. நாலுல ஒண்ணுக்கு வாடை தட்டினாலும் கம்ப்ரசர் தானா நின்னுரும், வால்வு மூடிரும், சங்கு அடிக்கும், வெளியேத்துற விசிறி ஓடும். யாரும் ஒண்ணும் செய்யண்டாம்."

'யாரும்' என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள்.

செப்டம்பர் 9

சங்கு அடித்தது. கம்ப்ரசர்கள் நின்றன. பேக்கிங் ஹால் பெண்கள் ரப்பர் பூட்ஸோடு திமுதிமுவென்று வாசலுக்கு ஓடினார்கள். நான் உள்ளே போய் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மேனேஜர் நிரஞ்சன் கதவுக்கு வெளியே கைக்குட்டையோடு நின்றார். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர்.

"என்னங் கொம்பையா, வாடை இருக்குதா?"

"இல்லை சார். மூக்கு பொய் சொல்லுது."

"அப்பறம் என்னங், ஓட விடுங்க. எறால் இளகிப் போகும்."

மறுபடி ஓட விடும் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அதையாவது விட்டுவைத்தார்கள். திருகினேன்.

செப்டம்பர் 10

பழைய கஞ்சி. இரண்டாம் கம்ப்ரசரின் சுழலும் தண்டடியில் எண்ணெய் ஈரம். துடைத்தேன். மழை இல்லை.

செப்டம்பர் 15

மறுபடி பொய்ச்சங்கு. மறுபடி போய் முகர்ந்து, இல்லை என்றேன். ஜெனோவா வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சங்கு அடிச்சா உள்ள போகப்படாது அண்ணாச்சி. கருவி வச்சு அளந்து பாத்த பெறவுதான் போணும்."

"கருவிதானம்மா பொய் சொல்லுது. அத இன்னொரு கருவி வச்சு அளக்கவா?"

என்னோடு ஷிஃப்ட் மாற்றும் குரூஸ் கெக்கெக்கென்று சிரித்தான். "விடும்மா. அண்ணாச்சி மூக்குக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்திருக்கு."

ராத்திரிச் சாப்பாட்டின்போது செண்பகம், ஹாலில் இரண்டு பெண்களுக்குக் கண் எரிந்தது என்றாள். நாள் முழுதும் குளோரின் தண்ணீரில் கை வைப்பவர்களுக்குக் கண் எரியாமல் என்ன செய்யும்? சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பதில் இல்லை என்று அர்த்தம்.

செப்டம்பர் 21

விடுப்பு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து இந்த மூக்குகளைப் பற்றிய விளக்கப் புத்தகத்தை அகராதியோடு படித்துக்கொண்டிருந்தேன். செண்பகம் கடையிலிருந்து ஓடி வந்தாள்.

"யப்பா! பால் தீஞ்ச நாத்தம் தெரு முக்குல வருது. வீட்டுக்குள்ள இருக்க ஒங்களுக்குத் தெரியலையா?"

படிப்பில் கவனமாக இருந்தேன். கவனமாகப் படிப்பவனுக்கு அப்படித்தான்.

புத்தகத்தில் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். மூக்குக்கு ஒன்றாகச் சுவர்ப் பலகையில் இருக்கும் பச்சை விளக்கு எரிந்தால் கம்பி, மின்சாரம் எல்லாம் சரி என்று அர்த்தமாம். மூக்கு மூச்சு விடுகிறதா என்பதற்கு அந்த விளக்கு பொறுப்பில்லை. அதை அறிய மாதம் ஒருமுறை பாட்டிலில் அடைத்த வாயுவை அதன் முகத்தில் ஊதிப் பார்க்க வேண்டுமாம். உயிரோடிருக்கிறதா என்று ஊதிப் பார்க்க வேண்டிய காவலாளியை எந்த முட்டாள் வேலைக்கு வைப்பான்?

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி. மீன் வாங்கி வந்தேன், ஊளி. செண்பகம் பையைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எந்தப் பாவிகிட்ட வாங்கினீக? பூனகூடத் தொடாது" என்றாள். உண்மையாகவே பூனை தொடவில்லை. மீன்காரி ஏமாற்றிவிட்டாள். கடற்கரை ஊரில் பிறந்தவனையே ஏமாற்றுகிறார்கள் என்றால் காலம் எங்கே போகிறது?

அக்டோபர் 11

இந்த வாரத்தில் பலமுறை சங்கு. ஒவ்வொரு முறையும் நான் உள்ளே போய், முகர்ந்து, சாவியைத் திருகினேன். இறால் ஒரு லோடு இளகி இரண்டாம் தரமாகிவிட்டது.

மேனேஜர் அறையில் கூட்டம். எவ்வளவு வாடைக்கு மூக்கு அடிக்க வேண்டும் என்ற அளவைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார். ஜெனோவா முடியாது என்றாள்.

"சார், நாலும் ஒண்ணா கெட்டுப்போகாது. ரெண்டாம் கம்ப்ரசருக்கு மேல இருக்கதுதான் எப்பவும் மொதல்ல அடிக்கி. அங்கன என்னமோ கசியுது."

"கொம்பையா இல்லைங்கறாரே?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"அண்ணாச்சிக்கு எத்தன வருச சர்வீஸ் சார்?"

"அது ஆச்சு, இருபத்தெட்டு, முப்பது இருக்கும்."

"அதத்தான் சார் சொல்லுகேன்."

அனுபவத்தை இப்படிக் குறையாகச் சொல்லும் ஒரு தலைமுறையை இன்றுதான் பார்க்கிறேன்.

அக்டோபர் 23

ஆயுத பூஜை. கம்பெனியில் சந்தனம், குங்குமம் வைப்பது என் உரிமை. இதைப் பறிக்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. ஜெனோவா தொடர்ந்து விடுமுறை வருகிறதென்று ஊருக்குப் போய்விட்டாள்.

சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். கம்ப்ரசர், மோட்டார், தொட்டி, வால்வு, மின்பலகை, பழுது பார்க்கும் ஸ்பானர்கள், மேனேஜரின் கார். கடைசியில் மேலே பார்த்தேன். நான்கும் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு விரோதிதான். ஆனாலும் ஆயுதம் ஆயுதம்தான், நன்னாளில் பாரபட்சம் பார்க்கக் கூடாது. ஏணியைப் போட்டு ஏறினேன்.

குரூஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, அது மோந்து பாக்க எடமே அதான். அங்கயா பூசுதீரு?" என்றான்.

"பின்ன எங்கவே பூச? அதுக்கு நெத்தின்னு ஒண்ணு இருக்கா?"

முகம் நிறையப் பூசினேன். நடுவில் குங்குமம். கீழிருந்து பார்க்க நான்கும் லட்சணமாக இருந்தன. சுண்டல் நன்றாக வந்திருந்தது.

அக்டோபர் 27

சங்கு இல்லை. நேற்றும் இல்லை, அதற்கு முந்தின நாளும் இல்லை.

ஜெனோவா திரும்பி வந்தாள். அறைக்குள் வந்ததும் மேலே பார்த்தாள்.

"அண்ணாச்சி, அந்த நாலுல மட்டும் பொட்டத் தொடச்சிரட்டா?"

வைத்த சந்தனத்தைத் துடைப்பதா? அது தானாகக் காய்ந்து உதிர வேண்டியது. இயந்திரத்துக்கு வைத்ததைக் கையால் அழிப்பது என்ன பழக்கம் என்று கேட்டேன். சற்றுச் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஹாலிலிருந்து இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலியை உடைக்குள் தள்ளிக்கொண்டாள்.

"நான் அப்படிச் சொல்லல அண்ணாச்சி" என்று போய்விட்டாள்.

பிறகு மேனேஜரிடம் போயிருக்கிறாள். அவர், "அதுல மட்டும் கை வைக்காதீங்க தாயி, ஆளுக எல்லாம் வேலைய நிறுத்திப்போடுவாங்க" என்றாராம். ஊதிப் பார்க்கும் வாயு பாட்டிலையும் கையில் பிடித்து அளக்கும் கருவியையுமாவது வாங்கித் தரச் சொன்னாளாம். இந்த ஷிப்மென்ட் போகட்டும் என்றாராம். குரூஸ் வந்து சொன்னான். இவனுக்கு எல்லாக் கதவிலும் காது.

நவம்பர் 8

ஒரு சங்குகூட அடிக்கவில்லை என்பதற்காக மேனேஜர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பலகையின் முன் என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தார். என் தோளுக்குப் பின்னால் நான்கும் பச்சை.

ஜெனோவா லட்டை வாங்கி மேசையில் வைத்தாள், தின்னவில்லை.

"அடிக்கும்போது பயமில்ல அண்ணாச்சி. இப்பத்தான் பயமா இருக்கு" என்றாள்.

அடித்தாலும் குறை, அடிக்காவிட்டாலும் குறை. மூக்குக்குப் புத்தி வந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். முதல்முறையாக அதுவும் நானும் ஒரே அபிப்பிராயத்தில் இருக்கிறோம்.

நவம்பர் 14

மழை. இரண்டாம் கம்ப்ரசரடியில் எண்ணெய் அதிகம். பழைய வேட்டித் துணியைச் சுருட்டி வைத்தேன். கண்ணில் நீர் வடிகிறது, ஜலதோஷம். செண்பகத்துக்கும் இருமல். ஹாலில் பாதிப் பேருக்கு இருமலாம். மழைக்காலம்.

நவம்பர் 22

நேற்று எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேற்று மதியச் சாப்பாட்டுக்கு முன், மழைக் காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த வெளிக்கதவின் அருகே நின்று அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வழிந்ததால் எண்கள் தெரியவில்லை. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அந்தப் பக்கம் ஹாலில் பெண்கள் கத்துவதும் பூட்ஸ் ஓடும் சத்தமும் கேட்டன. பாம்பு வந்திருக்கும் என்று நினைத்தேன். மழைக்கு வரும்.

குரூஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலில் வந்து நின்று அலறினான்.

"என்னவே அண்ணாச்சி இதுக்குள்ள நிக்கீரு! கண்ணு தொறக்க முடியல! வெளிய வாரும்!"

"என்னத்துக்குவே?"

"அம்மோனியா வே! தெருவே நாறுது!"

ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பலகையைக் காட்டினேன்.

"நாலும் பச்சையா இருக்குல்லா? பாரும்!"

நான் அப்படித்தான் சொன்னேன். எழுதி வைக்கிறேன்.

அப்போது ஹால் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு செண்பகம் உள்ளே வந்தாள். முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவித் தடவி வந்தாள். "யப்பா, யப்பா" என்று கூப்பிட்டாள். அவள் வந்த வழி இரண்டாம் கம்ப்ரசரை ஒட்டியது. அதன் தண்டடியிலிருந்து வெள்ளையாக ஒன்று சீறிக்கொண்டிருந்ததை, அவள் அதற்குள் மறைந்தபோதுதான் பார்த்தேன். அவள் கை சுவரில், எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பட்டனில் பட்டது. ஓங்கி அடித்தாள். எல்லாம் நின்றது. சங்கு அடித்தது. அவள் விழுந்தாள்.

குரூஸும் நானும் இழுத்து வந்து மழையில் போட்டோம். குழாய்த் தண்ணீரைத் திறந்து முகத்தில் விட்டுக்கொண்டே இருந்தோம்.

அவள் பெண்களையெல்லாம் வெளியே அனுப்பி, தலை எண்ணி, தானும் வெளியே வந்துவிட்டாளாம். பிறகு, "எங்கப்பா எங்க?" என்று கேட்டாளாம். குரூஸ் சொல்கிறான். எனக்கென்னவோ அவள் பட்டனை அமுக்கத்தான் வந்திருப்பாள் என்று தோன்றுகிறது. பொறுப்பான பெண்.

நவம்பர் 23

கண்ணுக்கு ஆபத்தில்லை என்றார்கள். தொண்டையும் மூச்சுக்குழலும் வெந்திருக்கின்றன. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நர்ஸிடம் தலையசைக்கிறாள், ஹால் பெண்கள் வந்தால் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நான் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். அது டாக்டர் சொன்னதால்தான்.

நவம்பர் 25

கம்பெனி மூடிக் கிடக்கிறது. இத்தனை நாள் கிடைக்காத வாயு பாட்டிலும் அளக்கும் கருவியும் ஒரே நாளில் வந்துவிட்டன. ஜெனோவா ஏணியில் ஏறினாள். நான் பிடித்துக்கொண்டேன். முதலில், இருந்தபடியே ஊதினாள். பச்சை. நன்றாக நெருக்கி ஊதினாள். பச்சை.

ஏணியிலிருந்தே என்னைக் குனிந்து பார்த்தாள். "தொடச்சிரட்டா அண்ணாச்சி?"

தலையாட்டினேன்.

காய்ந்த சந்தனம் நாணயம் போல ஒரே வில்லையாகப் பெயர்ந்து என் தோளில் விழுந்தது. மறுபடி ஊதினாள். சங்கு அடித்தது. மிகவும் சத்தமான சங்கு. அவள் நான்கையும் துடைத்து நான்கையும் ஊதும்வரை நான் ஏணியை விடவில்லை.

கம்ப்ரசர் மெக்கானிக், தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் 'சீல்' வளையத்தைக் கழற்றிப் பார்த்து, "இது இன்னிக்கு நேத்து கசிஞ்சதில்ல, பூஜைக்கு ரொம்ப முந்தியே ஒழுகியிருக்கு" என்றார். மெக்கானிக்குகள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

நவம்பர் 27

அறைக்குள் இருந்த எல்லோரையும் டாக்டர் பரிசோதிக்க வேண்டுமாம். என் கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொரு சிமிழாக மூக்கடியில் நீட்டினார். முதலில் இருந்தது என்னவென்று கேட்டார். வெறும் சிமிழ் என்றேன். காப்பித்தூளாம். ஆஸ்பத்திரியில் வாங்கும் காப்பித்தூள் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று தெரியாதா? அடுத்தது கிராம்பாம். பழசாக இருக்கும். அடுத்தது கற்பூரமாம்.

கற்பூரத்தில்கூட இப்போது கலப்படம்.

டாக்டர் கட்டை அவிழ்த்துவிட்டு, எத்தனை வருடமாக அந்த அறையில் வேலை என்று கேட்டார். சொன்னேன். ஜெனோவா கேட்ட அதே கேள்வி. என்ன ஒற்றுமை பாருங்கள்.

நவம்பர் 29

மேனேஜர் வீட்டுக்கு வந்தார், ஆப்பிளோடு.

"பாருங் கொம்பையா, தொழிற்சாலை ஆய்வாளர் வர்றார். மூக்கு மோசமான சரக்கு, வேலை செய்யலைன்னு சொல்லிப்போடலாம். நீங்கதான் வாடை கண்டு பட்டனை அமுக்கினீங்க. வித்தவன் மேல போட்டுடலாம். அந்த நாலையும் கழட்டி வீசிட்டு, பழையபடி நீங்களே பார்த்துக்கலாம். நீங்க ஆரம்பத்துல இருந்து சொன்னதுதானுங்களே?"

நான் ஆரம்பத்திலிருந்து சொன்னதுதான். செப்டம்பரிலிருந்து நான் கேட்ட நியாயம் முழுவதும் ஆப்பிளோடு வீடு தேடி வந்திருக்கிறது.

"பட்டன அமுக்கினது எம் மக" என்றேன்.

"அட, உங்க குடும்பந்தானுங்களே?"

"எம் மக அமுக்கினத எம் பேர்ல போட முடியாது. மூக்கு நல்ல மூக்கு. சந்தனம் அடச்சிருந்துது."

"யாரு பூசினதுன்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும்."

"கொம்பையா, உங்களுக்காகத்தான் சொல்றேன்…"

"மூக்கு விசயத்துல நான் சொல்லுததுதான் சார் சரி. எடுத்துட்டுப் போங்க." ஆப்பிளைச் சொன்னேன்.

என்னைப் பிடிவாதக்காரன் என்று கம்பெனி முழுவதும் சொல்கிறது. இவருக்கு மட்டும் இன்றுதான் தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 2

ஆய்வாளர் கேட்டார். சொன்னேன். யார் பூசினது என்பதையும் சொன்னேன். யார் முகர்ந்து பார்த்து, இல்லை இல்லை என்று சாவியைத் திருகினது என்று அவர் கேட்கவில்லை. ஜெனோவா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதையும் நானே சொன்னேன். மழை கொட்டிக்கொண்டிருந்ததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

டிசம்பர் 5

அறை திறக்குமுன் கதவில் ஒட்ட, என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னாள் ஜெனோவா. "யாரு செய்யணும்னு பேரு போடுங்க அண்ணாச்சி. பேரு இல்லன்னா ஒருத்தரும் செய்யமாட்டாவ."

எழுதியது:

மேனேஜர்: வாயு பாட்டில் தீருமுன் அடுத்த பாட்டில் வாங்க வேண்டும். ஷிப்மென்ட் போகட்டும் என்று சொல்லக் கூடாது.

ஜெனோவா: மாதம் ஒருமுறை நான்கு மூக்கிலும் ஊதிப் பார்க்க வேண்டும். பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. சங்கு அதிகம் அடித்தாலும் கேட்க வேண்டும், அடிக்காவிட்டாலும் கேட்க வேண்டும். யார் சத்தம் போட்டாலும் துடைக்க வேண்டியதைத் துடைக்க வேண்டும்.

குரூஸ்: மறுபடி ஓட விடும் சாவி இனி ஜெனோவாவிடம். அவள் இல்லாத நேரம் குரூஸிடம். கருவி வைத்து அளந்து பார்க்காமல் திருகக் கூடாது. ஏணியைப் பிடித்துக்கொண்டு கேலி பேசினால் போதாது, இறங்கச் சொல்ல வேண்டும்.

எல்லோரும்: சங்கு அடித்தால் வெளியே போக வேண்டும். வெளியே வந்தவர் யாரைத் தேடியும் உள்ளே போகக் கூடாது.

கொம்பையா: ஆயுத பூஜைக்கு மூக்கைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் பொட்டு வைக்க வேண்டும், சிறியதாக. "வாடை இல்லை" என்று சொல்லக் கூடாது. யாராவது கேட்டாலும் சொல்லக் கூடாது.

இது கதவில் ஒட்டியது. ஒட்டாதது ஒன்று இருக்கிறது, இங்கே மட்டும் எழுதுகிறேன்.

செண்பகம்: பேசலாம் என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். பேச வேண்டும். திட்டுவதாக இருந்தாலும் சரி.